பின்கட்டுக் குளியலறைக்கும் சுடுதண்ணீர்: இருக்கும் ஹீட்டரிலிருந்தே இழுக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு கேமரன் மலை ரிங்லெட்டில், தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் சாலையோரக் குடியிருப்புத் தாமானில் இருக்கிறது. மாடி இல்லாத வீடு. முன்பக்கக் குளியலறைச் சுவரில், சீலிங்கை ஒட்டி, 50 லிட்டர் ஸ்டோரேஜ் வாட்டர் ஹீட்டர் ஒன்று ஆறு வருடமாக ஓடுகிறது, 2.4 கிலோவாட். தண்ணீர், வீட்டுக்குப் பின்னால் மேட்டில் நிற்கும் தொட்டியிலிருந்து வருகிறது. தொட்டியின் அடிப்பாகம் ஷவர் தலைக்கு இரண்டு மீட்டர் மேலே இருக்கும். இப்போது 78 வயது மாமியாரை எங்களோடு வைத்துக்கொள்ளப் பின்கட்டில் ஓர் அறையும் குளியலறையும் கட்டியிருக்கிறோம். ஹீட்டரிலிருந்து அங்கே பைப்பு ஓட்டம் 14 மீட்டர், சமையலறை சிங்க்குக்கு 5 மீட்டர். பிளம்பர் ஒருவர், ‘டீ (T வடிவ இணைப்பு) போட்டு இரண்டுக்கும் இழுத்துவிடலாம், சூடு பத்தாவிட்டால் தெர்மோஸ்டாட்டை 75க்கு ஏற்றிவிடலாம்’ என்கிறார். இன்னொருவர், பின்கட்டுக்கு இன்ஸ்டன்ட் ஹீட்டரே போதும் என்கிறார். ஹீட்டருக்குக் கீழே ஒரு வால்விலிருந்து தினமும் காலையில் தண்ணீர் சொட்டுகிறது. அதை அடைத்துவிடலாம் என்றும் சொல்கிறார்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் குடும்பத்தோடு வருவார்கள், மொத்தம் எட்டுப் பேர். எப்படிச் செய்வது?
— ஒரு வாசகி, ரிங்லெட்

பதில்:

அம்மா, முதல் வேலையாக அந்த வால்வை யாரும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளியலறை ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. அடைத்த வால்வோடு ஹீட்டர் ஒரு நாள்கூட ஓடக்கூடாது.

அது பாதுகாப்பு வால்வு. தண்ணீர் சூடானால் விரியும். 18 டிகிரியில் இருக்கும் 50 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்கு ஏறும்போது ஏறக்குறைய முக்கால் லிட்டர் கூடிவிடும். ஹீட்டருக்குள் நுழையும் பைப்பில் ஒருவழி வால்வு இருப்பதால் கூடிய தண்ணீர் வந்த வழியே திரும்ப முடியாது. குழாய்களும் மூடியிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பாதுகாப்பு வால்வு கொஞ்சம் திறந்து, அந்த முக்கால் லிட்டரைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடும். காலையில் சுவிட்சைப் போட்டதும் சொட்டி, சூடு ஏறி முடிந்ததும் நின்றுவிட்டால் வால்வு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்று பொருள். அதை அடைத்தால் அழுத்தம் முழுவதும் டாங்கின் வெல்டிங் மீது விழும். அதே சமயம் தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் ஒட்டிக்கொண்டால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அழுத்தத்தில் நிற்கும். டாங்கு எங்கே கிழிகிறதோ அங்கே தண்ணீரில் ஒரு பகுதி ஒரே நொடியில் ஆவியாகி, மிச்சத்தையும் தள்ளிக்கொண்டு பாயும். சுவரே தாங்காது.

நாள் முழுக்க, சுவிட்சை அணைத்த பிறகும் சொட்டினால் அது வேறு கதை. வால்வின் இருக்கையில் மண்துகள் சிக்கியிருக்கலாம், அல்லது வரும் தண்ணீரின் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். உங்களுக்குத் தொட்டித் தண்ணீர்தான், ஆகவே அழுத்தம் காரணமில்லை. மழைக்குப் பிறகு கேமரன் மலையில் தண்ணீர் கலங்கி வருவது உங்களுக்கே தெரியும். மண்துகளைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஹீட்டர் ஆறியிருக்கும் நேரத்தில் வால்வின் சின்ன நெம்பைத் தூக்கி ஐந்து நொடி தண்ணீரை ஓட விட்டால் பெரும்பாலும் கழுவிக்கொண்டு போய்விடும். ஆனால் ஆறு வருடம் தொடாத வால்வு, தூக்கிய பிறகு சரியாக உட்காராமலும் போகலாம். எப்படியும் பிளம்பர் வரப்போகிறார், புது வால்வாகவே மாற்றச் சொல்லுங்கள். ஹீட்டரின் பெயர்த் தகட்டில் போட்டிருக்கும் அதே அழுத்த அளவில் வாங்க வேண்டும். சொட்டும் முனையில் ஒரு டியூப் மாட்டி, வளைவில்லாமல் கீழ்நோக்கித் தரைச் சாக்கடைவரை கொண்டுபோய், முனையைத் திறந்தே விடுங்கள். ஹீட்டருக்கும் இந்த வால்வுக்கும் நடுவிலோ, அந்த டியூப்பிலோ எந்தக் குழாயும் மூடியும் வரக்கூடாது.

இனி உங்கள் உண்மையான கேள்வி. பைப்பு எப்படி இழுப்பது என்பதற்கு முன்னால், பங்கு போடச் சூடு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பந்தியில் இலையைக் கூட்டினால் பானையில் சோறு கூடாது.

கடைகளில் ‘50 லிட்டர் இருந்தால் இரண்டு மூன்று குளியலறைக்குத் தாங்கும்’ என்பார்கள். சமவெளியிலுள்ள பீடோரிலும் தெலுக் இந்தானிலும் அந்தப் பேச்சில் ஓரளவு நியாயம் உண்டு, ஏனென்றால் அங்கே குழாய்த் தண்ணீரே 28 டிகிரியில் வருகிறது. ரிங்லெட்டில் விடிகாலைத் தொட்டித் தண்ணீர் 18 டிகிரி அளவில் இருக்கும். (சமையல் தெர்மோமீட்டர் இருந்தால் ஒரு நாள் ஐந்தரை மணிக்கு அளந்து பாருங்கள். கணக்கெல்லாம் அந்த எண்ணில்தான் தொடங்குகிறது.) குளிக்க 40 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 60 டிகிரியில் இருக்கும் 50 லிட்டரோடு 28 டிகிரித் தண்ணீரைக் கலந்தால் சுமார் 133 லிட்டர் குளியல் தண்ணீர் கிடைக்கும். 18 டிகிரித் தண்ணீரைக் கலந்தால் 95 லிட்டர்தான். அதிலும் சுடுதண்ணீர் வெளியேற வெளியேறக் குளிர்ந்த தண்ணீர் அடியில் புகுந்து கலந்துகொண்டே இருப்பதால் ஐந்தில் நான்கு பங்கைத்தான் நம்பலாம். ஆக உங்களுக்கு 76 லிட்டர். நிமிடத்துக்கு 7 லிட்டர் வரும் ஷவரில் ஒருவர் ஆறு நிமிடம் குளித்தால் 42 லிட்டர் போய்விடும். உங்கள் ஹீட்டர் அடுத்தடுத்து இரண்டு பேருக்கே முழுதாகக் காணாது. மறுபடி முழுக்கச் சூடேற ஒரு மணி நேரம் ஆகும். சமவெளியில் அதே ஹீட்டருக்கு முக்கால் மணி போதும்.

தெர்மோஸ்டாட்டை 75க்கு ஏற்றினால் இந்தக் கணக்கு கூடும், உண்மைதான்; 95 லிட்டர் 130 ஆகும். ஆனால் 78 வயது அம்மா குளிக்கப்போகும் வீட்டில் அதைச் செய்யாதீர்கள். 60 டிகிரித் தண்ணீர் தோலை வேகவைக்க ஐந்து நொடி போதும், 70ஐத் தாண்டினால் ஒரு நொடி. வயதானவர்களின் தோல் மெல்லியது, சூடு பட்டதும் கையை இழுக்கும் வேகமும் குறைவு. அதற்காக 45 டிகிரிக்கு இறக்கி வைப்பதும் தப்பு. தேங்கிய தண்ணீரில் 25லிருந்து 45 டிகிரிவரைதான் லெஜியோனெல்லா கிருமி நன்றாகப் பெருகும். அது நுரையீரலைத் தாக்கும், முதியவர்களுக்கு ஆபத்து அதிகம். டாங்கு 60 டிகிரியிலேயே இருக்கட்டும். சூட்டைக் குறைப்பது, சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் குளிக்கும் இடத்துக் குழாயின், அதாவது மிக்சரின், வேலை.

அடுத்தது அந்த 14 மீட்டர். இங்கே இரண்டு தொல்லைகள் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. நம் ஊரில் வழக்கமாக ஓட்டும் 20 மி.மீ. பிபிஆர் பைப்பு (சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப்பு), பி.என். 20 என்ற அழுத்தத் தரத்தில், உள்ளே 13 மி.மீ. சொச்சம்தான் இருக்கும். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடினால் 14 மீட்டரில் உரசலிலேயே 80 செ.மீ. உயரத்தின் அழுத்தம் போய்விடும். எல்போ என்னும் வளைவு இணைப்புகளையும் சேர்த்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். உங்களிடம் இருப்பதே இரண்டு மீட்டர்தான். சமையலறையில் யாராவது குழாயைத் திறந்தால் மாமியாரின் ஷவர் நூலாகிவிடும். சரி, 25 மி.மீ. போடலாம் என்றால் உரசல் மூன்றில் ஒன்றாகக் குறையும், ஆனால் பைப்புக்குள் நிற்கும் தண்ணீர் 1.9 லிட்டரிலிருந்து 3 லிட்டராகும். திறந்து அரை நிமிடம் பச்சைத் தண்ணீர். பிறகு பைப்பின் சுவரும் சூடேற வேண்டும். குளிரில் நடுங்கிக்கொண்டு ஒரு வயதானவர் அதற்காகக் காத்திருக்க வேண்டும், குளித்து முடித்ததும் மூன்று லிட்டர் சுடுதண்ணீர் பைப்பிலேயே ஆறிப்போகும். பம்பு வைத்து அழுத்தத்தைச் சரி செய்யலாம். ஆனால் பம்பு டாங்கில் சூட்டைக் கூட்டித் தராது.

இன்ஸ்டன்ட் ஹீட்டர் யோசனையும் சமவெளி யோசனைதான். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 3.6 கிலோவாட். 18 டிகிரியை 40 ஆக்க வேண்டுமென்றால் அதனால் நிமிடத்துக்கு 2.3 லிட்டர்தான் தர முடியும். அது ஷவராக விழாது, ஒழுகும். கொஞ்சம் கூடத் திறந்தால் வெதுவெதுப்பாகிவிடும். 28 டிகிரித் தண்ணீருள்ள ஊரில் அதே ஹீட்டர் 4.3 லிட்டர் தரும். அங்கே அதைப் பாராட்டுவதில் தவறில்லை.

ஆகவே என் முடிவு: சமையலறை சிங்க்கை இருக்கும் ஹீட்டரிலிருந்து டீ போட்டு இழுங்கள். பின்கட்டுக் குளியலறைக்கு 35 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டர் ஒன்றைத் தனியாக வையுங்கள். 14 மீட்டர் பைப்பு, பூச்சு உடைப்பு, பம்பு எல்லாம் சேர்ந்து ஆகும் செலவோடு ஒப்பிட்டால் புது ஹீட்டர் பெரிய கூடுதல் செலவாக வராது. மாமியார் காலையில் சுவிட்சைப் போட்டால் சுமார் 45 நிமிடத்தில் 53 லிட்டர் குளியல் தண்ணீர் தயார். உட்கார்ந்து மொண்டு குளிப்பவருக்கு அது தாராளம். பிள்ளைகள் மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள் என்றால் மட்டும் 50 லிட்டராக வாங்குங்கள்.

சமையலறை இணைப்பு

முதலில் ஹீட்டரின் மின்சாரத்தை டிபி பெட்டியிலேயே (வீட்டின் மின் விநியோகப் பெட்டி) அணைத்து, தண்ணீரை மூடி, லைனை முழுக்க வடித்துவிட வேண்டும். ஏன் முழுக்க என்பதைக் கீழே சொல்கிறேன். ஹீட்டரின் சுடுதண்ணீர் வாயிலிருந்து முதல் அரை மீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃபிளெக்சிபிள் அல்லது செம்பு பைப்பு. டாங்கின் நேரடிச் சூட்டைப் பிபிஆர் பிடிக்க வேண்டியதில்லை. அதன் பிறகு 25 மி.மீ. பிபிஆர், அதில் டீ. டீயின் ஒரு கை 20க்குக் குறைந்து முன் ஷவருக்கு, மறு கை 20க்குக் குறைந்து சிங்க்குக்கு. பொதுவான ஓட்டம் 25ஆக இருந்தால்தான் ஒருவர் திறந்ததும் மற்றவருடையது வற்றாது.

பிபிஆர் நான்கு மீட்டர் நீளமாக விற்பார்கள். உங்களுக்கு 20 மி.மீ. இரண்டு நீளம், 25 மி.மீ. ஒரு நீளம் (பாதி மிஞ்சும்), 25 டீ ஒன்று, 25-20 ரெடியூசர் இரண்டு, 20 எல்போ எட்டு, பித்தளை மரை வைத்த எல்போ ஒன்று, ஃபிளெக்சிபிளைப் பிபிஆரோடு சேர்க்கப் பித்தளை மரை வைத்த 25 சாக்கெட் ஒன்று, சிங்க் கிளைக்கு 20 பால் வால்வு ஒன்று, கிளிப் பத்து, 13 மி.மீ. தடிப்புள்ள கறுப்பு இன்சுலேஷன் ஃபோம் ஆறடித் துண்டு நான்கு. பச்சைத் தண்ணீருக்கு ஓட்டும் பிவிசியைச் சுடுதண்ணீரில் போட எந்தக் காரணத்துக்கும் சம்மதிக்காதீர்கள். 60 டிகிரியில் அது இளகித் தொய்யும், பசை வைத்த மூட்டு கழன்றுவரும்.

ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், அம்மா. பிபிஆர் வேலையின் தரம் முழுக்க அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. மெஷின் 260 டிகிரிக்கு வந்து விளக்குக் காட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும். 20 மி.மீ. பைப்பின் முனையில் 14 மி.மீ. அளந்து பென்சிலில் கோடு போட்டு, பைப்பையும் ஃபிட்டிங்கையும் ஒரே நேரத்தில் மெஷினில் ஏற்றி ஐந்து நொடி. எடுத்து நான்கு நொடிக்குள் கோடுவரை நேராகச் சொருகி, திருகாமல் பிடித்து, இரண்டு நிமிடம் ஆற விட வேண்டும். 25க்கு ஏழு நொடி. சரியான மூட்டில் பைப்பைச் சுற்றிச் சின்ன வளையம் ஒன்று சீராகப் பிதுங்கி நிற்கும். பத்துப் பதினைந்து நொடி சூடு காட்டிக் கோட்டைத் தாண்டி அமுக்கினால் வெளியே பார்க்கப் பலமாகத் தெரியும். உள்ளே உருகிய பிளாஸ்டிக் சுருண்டு 13 மி.மீ. வழியைப் பென்சில் அளவுக்கு அடைத்துவிடும். குறைந்த அழுத்தமுள்ள உங்கள் வீட்டில் அப்படி ஒரு மூட்டு போதும், சிங்க்கில் தண்ணீர் வராது. யாராலும் காரணமும் கண்டுபிடிக்க முடியாது. பைப்பின் முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் அது ஆவியாகி மூட்டுக்குள் ஊசித்துளை போடும். இன்று கசியாது, மூன்று மாதம் கழித்துக் கசியும். லைனை முழுக்க வடிக்கச் சொன்னது அதனால்தான்.

சாதாரணப் பிபிஆர் சூட்டில் நீளும். ஐந்து மீட்டர் ஓட்டம், 40 டிகிரி ஏறினால் மூன்று செ.மீ. நீளும். இரண்டு முனையையும் சிமெண்டில் இறுக்கிவிட்டால் நடுவில் பாம்பாக வளையும். 60 செ.மீ.க்கு ஒரு கிளிப் போட்டு, பைப்பு கிளிப்புக்குள் வழுக்கும்படி விட்டு, திருப்பத்தில் எல்போவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட வேண்டும். கதவுக்கு மேலே ஏறி மறுபக்கம் இறங்கும் வழியைத் தவிர்த்துவிடுங்கள். அந்த மேட்டில் காற்று தங்கிவிட்டால் இரண்டு மீட்டர் அழுத்தத்தால் அதைத் தள்ள முடியாது. ஹீட்டரிலிருந்து சிங்க்வரை ஒரே இறக்கமாகப் போகட்டும். வெளிச்சுவரில் வெயில் படும்படி ஓட்டினால் நாளடைவில் பைப்பு நொறுங்கும். ஃபோமும் அதன்மேல் வெயில் தாங்கும் டேப்பும் வேண்டும்.

பூசி மூடுவதற்கு முன், ஹீட்டரையும் மிக்சரையும் கழற்றி முனைகளை அடைத்து, கைப் பம்பில் 10 பார் அழுத்தம்வரை ஏற்றி அரை மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடைசி மூட்டு ஆறி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, பல வீடுகளில் புது இணைப்புக்குப் பிறகு ‘ஹீட்டர் கெட்டுப்போச்சு’ என்ற புகார் இதனால்தான் வருகிறது. சிங்க்கின் பச்சைத் தண்ணீர் நேராக மெயின் பைப்பிலிருந்து வந்து, சுடுதண்ணீர் மட்டும் தொட்டி வழியாக வந்தால், மிக்சரைத் திறந்ததும் மெயின் தண்ணீர் பலத்தால் சுடுதண்ணீர்ப் பைப்புக்குள் புகுந்து முன்குளியலறைவரை போய்விடும். அங்கே ஷவரில் வெதுவெதுப்பான தண்ணீர் வரும். மிக்சருக்கு வரும் இரண்டு பைப்பும் ஒரே தொட்டியிலிருந்து வர வேண்டும். குடிதண்ணீருக்கு மெயினிலிருந்து தனிக் குழாய் வைத்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் ஹீட்டருக்குள் போகும் வால்வை மூடி, ஏதாவது ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். பத்து நொடி கழித்தும் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒரு மிக்சர் வழியாகப் பச்சைத் தண்ணீர் கடந்து வருகிறது. முனையில் விசை வைத்த கைஷவரும் இதே வேலையைச் செய்யும்: விசையை விட்டுவிட்டு மிக்சரை மூடாமல் போனால் உள்ளே இரண்டும் கலந்துகொண்டிருக்கும். மாமியாருக்குக் கைஷவர் வைப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த மிக்சரின் இரண்டு வாயிலும் ஒருவழி வால்வு வைத்துவிடுங்கள்.

பின்கட்டு ஹீட்டர்

தண்ணீரோடு சேர்த்து 35 லிட்டர் ஹீட்டர் 50 கிலோ அளவுக்கு நிற்கும். புதுக்கட்டு முழுச் செங்கல் சுவரென்றால் 10 மி.மீ. போல்ட்டுகள் தாங்கும், பூச்சுக்குள் மட்டும் இறங்கிய திருகாணி தாங்காது. ஓட்டைக் கல்லோ சிமெண்ட் பலகையோ என்றால் தரையிலிருந்து இரும்புச் சட்டம் எழுப்பி அதன்மேல் வையுங்கள். நெட்டாக மாட்டும் மாடலைப் படுக்க வைத்து மாட்டக்கூடாது. உள்ளே சுடுதண்ணீரை எடுக்கும் குழாய் டாங்கின் உச்சியில் இருக்கும்படி அமைத்திருப்பார்கள். திருப்பினால் பாதித் தண்ணீர் பயன்படாமல் நின்றுவிடும். எலிமெண்ட் மூடியைக் கழற்றவும், உள்ளே இருக்கும் மெக்னீசியம் அனோடு கம்பியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றவும் ஒரு அடி இடம் விடுங்கள். முன்பக்க ஹீட்டரின் அனோடு ஆறு வருடத்தில் கரைந்து கம்பியாகியிருக்கும், அதையும் இப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். அது தீர்ந்துவிட்டால் துரு அடுத்ததாக டாங்கைத்தான் தின்னும்.

தண்ணீர் வரும் வரிசை: மூடும் வால்வு, வடிகட்டி, ஒருவழி வால்வோடு சேர்ந்த பாதுகாப்பு வால்வு, பிறகு டாங்கு. கலங்கல் தண்ணீர் வரும் ஊரில் வடிகட்டி அவசியம். ஆனால் அடைத்த வடிகட்டி அழுத்தத்தைத் தின்னும். பெருமழைக்குப் பிறகு கழற்றிக் கழுவுங்கள். மிக்சர் தெர்மோஸ்டாட்டிக் வகையாக இருந்தால் நல்லது, 40ல் பூட்டி வைத்துவிடலாம். வாங்கும் முன் பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு மீட்டர் உயரம் என்பது 0.2 பார். அரை பார் கேட்கும் மிக்சர் உங்களிடம் வேலை செய்யாது. தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டு எழுப்பலாம், அல்லது தொட்டியின் வாயிலேயே ஒரு சிறிய ஆட்டோ பம்பு வைக்கலாம். பம்பு வைத்தால் சுடு, பச்சை இரண்டு லைனுக்கும் சேர்த்தே தள்ள வேண்டும்.

முதல் முறை சுவிட்சைப் போடும் முன் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, காற்று துப்புவது நின்று தண்ணீர் சீராக ஓடும்வரை விடுங்கள். வெற்று டாங்கில் சுவிட்சைப் போட்டால் எலிமெண்ட் போய்விடும்.

மின்சாரம் பிளம்பரின் வேலை அல்ல. எனர்ஜி கமிஷனின், அதாவது சுருஹான்ஜெயா தெனாகாவின், சான்றிதழுள்ள வயர்மேன் வேண்டும். புது ஹீட்டருக்கு டிபி பெட்டியிலிருந்து தனி லைன்: 20 ஆம்பியர் எம்.சி.பி. (சுமை மீறினால் தானே விழும் சுவிட்ச்), எர்த்தோடு 2.5 சதுர மி.மீ. செம்புக் கேபிள், குளியலறைக்கு வெளியே விளக்கு வைத்த 20 ஆம்பியர் இரட்டைத் துருவ சுவிட்ச். 13 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் தினமும் முக்கால் மணி முழுச்சுமை ஓடி ஓடி பிளக் கருகும். கசிவுத் துண்டிப்பான், இ.எல்.சி.பி. என்று எல்லோரும் சொல்வது, 10 மில்லி ஆம்பியராக இருக்க வேண்டும்; தரை நனையும் இடங்களுக்கு 1994ஆம் ஆண்டு மின்சார விதிகள் கேட்பது அதைத்தான். ஹீட்டரில் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஒருநாள் அந்த 10 மில்லி ஆம்பியர் அடிக்கடி விழுந்தால், ‘ரொம்ப சென்சிட்டிவ், 30 போட்டுவிடலாம்’ என்று யாராவது சொல்வார்கள். போட விடாதீர்கள். பெரும்பாலும் எலிமெண்ட்டின் உறை வெடித்துத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். மாற்ற வேண்டியது எலிமெண்ட்டை.

தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்கு எட்டுப் பேர். இரண்டு ஹீட்டரும் முழுச்சூட்டில் தொடங்கி, சுவிட்ச் அணையாமல் இருந்தால் முன்பக்கம் இருபது நிமிடத்துக்கு ஒருவராக ஐந்து பேர், பின்பக்கம் அரை மணிக்கு ஒருவராக மூன்று பேர் குளிக்கலாம். ஒன்றரை மணி நேரத்தில் எல்லோரும் முடித்துவிடுவார்கள். எண்ணெய் போகத் தேய்க்கும் நேரத்தில் ஷவரை மூடிவைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இந்தக் கணக்கு உடையும். மாமியாரை முதல் ஆளாக அனுப்புங்கள்.

அந்த நேரத்தில் இரண்டு ஹீட்டர் மட்டும் 21 ஆம்பியர் இழுக்கும். அதோடு கெட்டிலும் ரைஸ் குக்கரும் சேர்ந்தால் 32ஐத் தாண்டும். பழைய வீடுகளில் மெயின் சுவிட்ச் 30 ஆம்பியராக இருப்பதுண்டு; உங்களுடையது எவ்வளவு என்று வயர்மேனைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே ஒரு காலையில் இரண்டு ஹீட்டரையும், பலகாரம் சுடும் அடுப்படிச் சாமான்களையும் ஒன்றாகப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். மெயின் விழுந்தால் சரி செய்ய அப்போதும் நாள் இருக்கும்.